முதல் பந்தி

ஜூன் 12, வியாழன்

தினமும் எழுதி வைக்கச் சொன்னவர் டாக்டர். "என்னைக்கு நல்லா இருந்தாங்க, என்னைக்கு மோசம், என்ன சாப்பிட்டாங்க, எல்லாத்தையும் சுருக்கமா குறிச்சுக்கிட்டு வாங்க சார்" என்றார். மயிலாடுதுறை நீதிமன்றத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவனிடம் போய் இதைச் சொல்லியிருக்கிறார். சுருக்கம் அவருக்குக் கிடைக்கப்போவதில்லை.

விவரம் வருமாறு. என் மனைவி தையல்நாயகிக்குப் பொங்கலிலிருந்து இடது கண்ணிமை சரிந்துகொண்டே வந்தது. காலையில் சரியாக இருக்கும். பொழுது சாயச் சாய இமையும் சாயும். பிறகு ஒன்று இரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. தெருவில் ஆட்டோ வந்தால் இரண்டு ஆட்டோவுக்கும் வழிவிட்டு ஒதுங்கினாள். கண் மருத்துவர் கண்ணாடி கொடுத்தார். இன்னொருவர் நரம்புத் தளர்ச்சி என்று டானிக் கொடுத்தார். என் அக்கா தனபாக்கியம் திருஷ்டி என்று பூசணிக்காய் கொடுத்தாள். மூன்றும் வீட்டில் இருக்கின்றன.

இன்று தஞ்சாவூரில் நரம்பியல் டாக்டர் இளஞ்சேரன் ஒரு ரப்பர் கையுறைக்குள் பனிக்கட்டியைப் போட்டு அவள் இமைமேல் வைத்தார். இரண்டு நிமிடம் கழித்து எடுத்தார். கடைக் கதவைத் தூக்கியதுபோல் இமை மேலே போயிருந்தது. உத்தியோக காலம் முழுவதும் விசாரணைகளைப் பார்த்தவன் நான். இவ்வளவு சீக்கிரம் உண்மை வெளிவந்து பார்த்ததில்லை.

நோயின் பெயர் மயஸ்தீனியா கிரேவிஸ். நரம்பு உத்தரவு போடுகிறது. தசைக்கு அது போய்ச் சேர்வதில்லை. உத்தரவை வாங்கிக்கொள்ளும் இடத்தை உடம்பே ஏதோ ஒரு பொருளை உண்டாக்கி அடைத்து வைக்கிறதாம். அரசு அலுவலகங்களில் இதை யாரும் நோயாகக் கருதுவதில்லை.

தையல்நாயகி என்பது வைத்தீஸ்வரன்கோயில் அம்மன் பெயர், வைத்தியநாதரின் சம்சாரம் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் குறித்துக்கொள்ளவில்லை.

ஜூன் 13, வெள்ளி

வார்டு சிஸ்டர் லூர்து எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னது:

"மாத்திரை போட்டு அரை மணி கழிச்சு சாப்பிடணும்மா. அப்பத்தான் தொண்டைக்குத் தெம்பு இருக்கும். நேரம் போகப் போகத் தெம்பு இறங்கிரும். வேலை செஞ்சு களைச்சுட்டு உக்காந்தீங்கன்னா இன்னும் இறங்கிரும். அந்த நேரத்துல சாப்பிட்டா, சாப்பாடு வயித்துக்குப் போகாம நுரையீரலுக்குப் போயிரும். புரியுதுங்களா?"

நிமிர்ந்து உட்கார வேண்டும். விழுங்கும்போது தாடையை நெஞ்சோடு சேர்த்துக் குனிய வேண்டும். சாதத்தைக் குழைத்துச் சாப்பிட வேண்டும். சாப்பிடும்போது பேசக் கூடாது. சளி, காய்ச்சல் என்றால் மெடிக்கல் ஷாப்பில் தாமாக எதையும் வாங்கிப் போடக் கூடாது. மூச்சு முட்டினால் உடனே கிளம்பி வர வேண்டும்.

தையல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

ஓசூரிலிருந்து வந்திருந்த எங்கள் மகள் பூங்கோதை என் கைப்பேசியில் வேளைக்கு இரண்டு அலார மணி வைத்துக் கொடுத்தாள். முதல் மணி மாத்திரைக்கு, இரண்டாம் மணி சாப்பாட்டுக்கு. இரண்டும் சேவல் கூவும் சத்தம். எங்கள் தெருவில் இனி ஒரு நாளைக்கு ஆறு முறை விடியும்.

ஜூன் 17, செவ்வாய்

ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் எண்ண முடிகிறது என்று தினமும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். மூச்சுத் தசைகள் எப்படி இருக்கின்றன என்று அதில் தெரிந்துவிடுமாம். ஒன்று, இரண்டு என்று எண்ணுவது தனக்கு அலுப்பாக இருக்கிறது என்றாள் தையல். அவளுடைய அப்பா இந்த ஊர் ஜங்ஷனில் டிக்கெட் கொடுத்தவர். அதனால் எண்ணுக்குப் பதிலாகத் தஞ்சாவூர் பாசஞ்சர் ரயிலின் ஸ்டேஷன்களைச் சொல்கிறாள்.

"மயிலாடுதுறை குத்தாலம் நரசிங்கன்பேட்டை ஆடுதுறை திருவிடைமருதூர் திருநாகேஸ்வரம் கும்பகோணம் தாராசுரம் சுவாமிமலை..." அதோடு மூச்சு தீர்ந்தது.

"சுவாமிமலையில இறங்கிட்டேங்க" என்றாள்.

ஜூன் 22, ஞாயிறு

அக்கா வந்தாள். தையல் வாசலுக்குப் போய் வரவேற்றாள். கன்னத் தசையும் உத்தரவுக்குப் பணியாத நிலையில் இருப்பதால், சிரிக்க முயன்றால் உதடு மேலே போகாமல் பல்லைக் கடிப்பதுபோல் ஆகிவிடுகிறது.

அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "கலியா, நா வந்தது ஒம் பொண்டாட்டிக்குப் புடிக்கல போலருக்கு. உறுமுறா."

"சிரிக்கிறாக்கா."

"நா சிரிப்பைப் பாத்ததே இல்லங்கிறியா?"

விளக்கம் ஏற்கப்படவில்லை.

ஜூன் 30, திங்கள்

வழக்கமான நாள். முதல் மணிக்கு மாத்திரை போட்டாள். இரண்டாம் மணி அடித்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். பிறகு பூஜை. பிறகு செய்தித்தாள், தலையங்கத்தில் இரண்டு பிழைகள். பிறகு சாப்பிட உட்கார்ந்தேன். மூன்று தோசை, ஒவ்வொன்றாகச் சூடாக வந்தது. காப்பி. அதன் பிறகு அவள் அடுப்படியை ஒதுக்கி, பாத்திரம் கழுவப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஒன்றரை இட்லிக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. தாடையை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு மென்றாள். தண்ணீர் மூக்கு வழியாக வந்தது.

மாத்திரையின் தரத்தில் எனக்குச் சந்தேகம். கம்பெனிக்கு எழுதலாமா என்று யோசிக்கிறேன்.

ஜூலை 5, சனி

கும்பகோணம் வரைதான்.

ஜூலை 9, புதன்

தஞ்சாவூர். டாக்டர் இந்தக் குறிப்பேட்டைப் புரட்டினார். ஜூன் 12ஐ மட்டும் படித்துச் சிரித்துவிட்டு மூடி வைத்தார்.

"மாத்திரை போட்டு அரை மணியில சாப்பிடறாங்களா?"

"மணி வச்சு நடக்குது சார்" என்றேன். பொய் இல்லை. மணி வைத்திருக்கிறது; அடிக்கவும் செய்கிறது.

தையல் சுவரிலிருந்த மூளைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். ஸ்டீராய்டும் சேர்த்தார்.

ஜூலை 14, திங்கள்

கூட்டிய மாத்திரை வயிற்றைப் பிசைகிறது. எச்சில் ஊறி வழிகிறது. அவளுக்கு இதுதான் பெரிய வெட்கம். சேலைத் தலைப்பை வாயில் வைத்தபடியே இருக்கிறாள். பார்ப்பவர்களுக்கு ஏதோ ரகசியத்தை அடக்கி வைத்திருப்பதுபோல் தோன்றும். மாலையில் குரல் மூக்குக்குள் போய்விடுகிறது. நாலு வார்த்தைக்கு மேல் பேச்சு இல்லை. வீட்டில் அமைதி வேண்டும் என்று பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தவன் நான்.

வந்த பிறகு பார்த்தால், அது எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

பகலில் என் பழைய சகா ஒருவர் வந்து, நானும் அவரும் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, அவர் கிளம்ப வெகுநேரம் ஆனது. அதன் பிறகு தையல் ரசம் சாதம் சாப்பிட உட்கார்ந்தாள். மூன்றாவது வாயில் புரையேறியது. இருமக்கூடத் தெம்பில்லை, இருமல் வெறும் காற்றாக வந்தது. முகம் கறுத்தது. தஞ்சாவூர் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

வலது நுரையீரலின் அடியில் சளி. ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள். தீவிர சிகிச்சை வரை போகவில்லை.

சிஸ்டர் லூர்து கட்டிலருகே வந்து நின்றாள். "அம்மா, நிஜத்தைச் சொல்லுங்க. மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழிச்சு சாப்பிடுவீங்க?"

தையல் சொன்னாள்: "அவங்க சாப்பிட்டு எந்திரிச்சப்புறம்."

"அவங்க எப்ப சாப்பிடுவாங்க?"

"அது அவங்க சௌகரியம்."

"நீங்க முதல்ல சாப்பிட வேண்டியதுதானே?"

தையல் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கேள்வி பாடத்திட்டத்துக்கு வெளியே இருந்ததுபோல் விழித்தாள். "அவங்க சாப்பிடாம நா எப்படி சிஸ்டர் சாப்பிடறது?"

பக்கத்துக் கட்டில் நோயாளிக்குத் துணையிருந்த அம்மாள் நெகிழ்ந்து போனாள். "இந்தக் காலத்துல இப்படி ஒரு பொம்பளையா! ஐயா, நீங்க குடுத்து வச்சவரு" என்று என்னைப் பாராட்டினாள். வார்டில் மூன்று பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சிஸ்டரும் என்னைப் பார்த்தாள். அது பாராட்டு இல்லை. அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

ஜூலை 27, ஞாயிறு

வீடு. இன்று முதல் புதிய நடைமுறை. சமையலுக்கு ஆள் வைத்தாயிற்று. இரண்டாம் மணி அடித்ததும் தையலை மேசையில் உட்காரவைத்து, நானே குழைத்த இட்லியை வைத்தேன்.

"நீங்க?"

"நீ சாப்பிட்டப்புறம்."

"பசியோட இருக்கற மனுஷன எதுக்க வச்சுக்கிட்டு நா எப்படிங்க முழுங்குவேன்?"

"அப்ப நான் வெளியில போறேன்."

"வெளியில பசியோட நிப்பீங்க."

"தையல், இது டாக்டர் உத்தரவு."

"அவரு பொண்டாட்டிக்குப் போடச் சொல்லுங்க."

ஒரு வாய் வைத்தாள். அது இறங்கவில்லை. தொண்டையில் தெம்பு இருக்கும் நேரம்தான், இருந்தும் இறங்கவில்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. கடைசியில் நான் இரண்டு இட்லி தின்றேன். அவசரத்தில் எனக்குப் புரையேறியது. அவள் எழுந்து வந்து என் தலையில் தட்டினாள்.

ஜூலை 29, செவ்வாய்

பூங்கோதை தொலைபேசியில் சமரசம் செய்து வைத்தாள். "அப்பா, அம்மாவ மாத்த முடியாது. நீங்க மாறுங்க. முதல் மணி அடிக்கறதுக்கு முன்னாடியே நீங்க சாப்பிட்டு முடிச்சிருங்க. அவ்வளவுதான். அப்ப அம்மாவுக்கு ஒண்ணும் சொல்ல வராது."

இவ்வளவுதான் விஷயம். ஒரு மனிதன் கொஞ்சம் முன்னதாகக் குளித்து, செய்தித்தாளைப் பிறகு படிக்க வேண்டும். நரம்பியல், ஸ்டீராய்டு, ஆக்ஸிஜன் எல்லாவற்றையும் தாண்டி வந்து சேர்ந்திருக்கும் சிகிச்சை இது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஐந்து நாளாக நான் முன்னதாகச் சாப்பிடுகிறேன். அவள் நேரத்துக்குச் சாப்பிடுகிறாள். இமை மேலே நிற்கிறது. கேழ்வரகுக் கூழ் ஒரு கிண்ணம், பத்தே நிமிடத்தில்.

காவிரிக் கரைக்கு ஆட்டோவில் கூட்டிப்போனேன். படித்துறையில் உட்கார்ந்து, நான் கேட்காமலே ஆரம்பித்தாள். சுவாமிமலையைத் தாண்டி, சுந்தரபெருமாள்கோவில், பாபநாசம், பண்டாரவாடை, அய்யம்பேட்டை, பசுபதிகோவில், திட்டை, தஞ்சாவூர். ஒரே மூச்சு. பக்கத்தில் காதோலை கருகமணி விட்டுக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வந்து சேந்துட்டேங்க" என்று சிரித்தாள். உறுமல் இல்லை. சிரிப்பேதான். நேரில் கண்ட சாட்சி நான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அக்கா ஒரு தீர்மானத்தோடு வந்தாள். எனக்கு எழுபது நிறைகிறது. திருக்கடையூரில் பீமரத சாந்தி செய்தே ஆக வேண்டுமாம். காலனை உதைத்த சாமியின் சந்நிதியில் ஹோமம் செய்து, கலசநீர் ஊற்றிக்கொண்டு, மறுபடி தாலி கட்டினால் ஆயுள் நீளும்.

"அவளுக்கு முடியலக்கா. கூட்டம், புகை ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்றேன்.

"அவளுக்காகத்தாண்டா சொல்றேன். நீ நல்லா இருந்தாத்தானே அவளப் பாத்துக்குவ?"

வாதத்தில் ஓட்டை இருக்கிறது. எங்கே என்று உடனே சொல்ல முடியவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

செய்யலாம் என்று முடிவெடுத்தவள் தையல்தான்.

"உங்க ஆயுசு விஷயங்க. எனக்கு முடியலங்கறதுக்காக நிறுத்துனா, நாளைக்கு ஒண்ணுன்னா என்னையத்தான் சொல்வாங்க."

"யார் சொல்லுவா?"

"நானே சொல்லிக்குவேன்."

டாக்டரிடம் தொலைபேசியில் கேட்டேன். "அரை நாள் போதும். புகைகிட்ட உக்கார வைக்காதீங்க. மாத்திரையும் சாப்பாடும் நேரம் தவறக் கூடாது. அது ஒண்ணுதான்" என்றார்.

செப்டம்பர் 6, சனி

செய்தித்தாளில் ஒரு சுவாரசியமான தீர்ப்பு வந்திருந்தது. படித்து முடிப்பதற்குள் முதல் மணி, இரண்டாம் மணி இரண்டும் அடித்துவிட்டன. ஒரு நாள்தானே. அவள் காத்திருந்தாள். பாபநாசத்தில் நின்றாள்.

செப்டம்பர் 13, சனி

திருக்கடையூரில் எடுத்த மண்டபத்தில் தங்கியிருக்கிறோம். நாளைக்கான ஏற்பாடு: நான் விடிகாலையிலேயே இரண்டு இட்லி சாப்பிட்டுவிடுவேன். பகல் மாத்திரையை முதல் மணிக்குப் பூங்கோதை கொடுப்பாள். இரண்டாம் மணிக்கு நான் தையலை மண்டபத்தின் பின்னறைக்கு அழைத்துப் போவேன். அங்கே தூக்குச்சட்டியில் குழைத்த பருப்புசாதம் தயாராக இருக்கும். விருந்தினர் பந்தி தன்பாட்டுக்கு நடக்கும்.

ஸ்டீராய்டால் அவள் முகம் ஊதியிருக்கிறது. வந்திறங்கிய உறவினர் எல்லோரும் "நல்லா சதை போட்டு லட்சுமிகரமா இருக்க தையலு" என்கிறார்கள்.

செப்டம்பர் 14, ஞாயிறு. தஞ்சாவூர், மருத்துவமனைத் தாழ்வாரம்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

ஹோமம் முடிந்தது. அவளைப் புகைக்குத் தள்ளி உட்காரவைத்தேன். காற்று புகையை அவள் பக்கமே கொண்டுபோனது. கலசநீர் ஊற்றினார்கள். தாலி கட்டினேன். அவள் சிரித்தாள். "அம்மா, கோவப்படாம ஒரு போஸ் குடுங்க" என்றான் புகைப்படக்காரன்.

முதல் மணி அடித்தது. பூங்கோதை மாத்திரை கொடுத்தாள். பிறகு அவளை அவள் மாமியார் கூப்பிட்டு, ஊரிலிருந்து வந்தவர்களுக்குத் தாம்பூலப் பை எடுக்கச் சொன்னார்.

சம்பந்தி என் கையைப் பிடித்தார். "நீங்க உக்காராம முதல் பந்தி எப்படி சம்பந்தி? விசேஷமே உங்களுக்குத்தானே!" பின்னறையில் ஒரு வேலை இருக்கிறது என்றேன். "அதெல்லாம் பொம்பளைங்க பாத்துக்குவாங்க" என்று இலைக்கு முன் உட்காரவைத்தார். தையல் பந்தி வாசலில் நின்று வருகிறவர்களைக் கைகூப்பி வரவேற்றுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு உரியவள் நிற்க வேண்டிய இடம் அது.

கூட்டுக்கும் பொரியலுக்கும் நடுவில் என் சட்டைப் பையில் சேவல் கூவியது. பந்தி முழுக்கச் சிரித்தது.

"சம்பந்தி, சட்டைக்குள்ள கோழி வளக்கறீங்களா?"

நிறுத்தினேன். பாயசம் வந்தது.

இலையிலிருந்தே அவளைப் பார்த்து, போய்ச் சாப்பிடு என்று கையைக் காட்டினேன். நீங்கள் சாப்பிடுங்கள் என்று அவள் கையைக் காட்டினாள்.

நான் கை கழுவிவிட்டு வந்தபோது இரண்டாம் பந்தி உட்கார்ந்திருந்தது. "வா போகலாம்" என்றேன். அக்கா குறுக்கே வந்தாள். "வந்தவங்க எலையில இருக்கறப்ப இவ போய் ஒதுங்கி உக்காந்தா நல்லாருக்குமாடா? இன்னும் ஒரு பந்திதான்." தையல் என்னைப் பார்த்தாள். என்னோடு வேலை பார்த்தவர்கள் அப்போதுதான் வந்தார்கள். நான் அவர்களை வரவேற்கப் போனேன். பூங்கோதை ஒருமுறை தூரத்திலிருந்து, "அப்பா, அம்மா சாப்பிட்டாங்களா?" என்று குரல் கொடுத்தாள்.

"சாப்பிடுவா" என்றேன்.

அவள் உட்கார்ந்தது கடைசிப் பந்தியில், அக்காவுக்குப் பக்கத்தில். பின்னறையில் அல்ல. மாத்திரை எப்போதோ இறங்கிவிட்டிருந்தது. காலையிலிருந்து நின்ற உடம்பு. இமைகள் இரண்டும் பாதி மூடியிருந்தன. இலையில் வடையும் சாம்பார் சாதமும் இருந்தன. "ஒரு வாய் வடை, சாஸ்திரத்துக்கு" என்று அக்கா ஊட்டினாள். அன்பாகத்தான் ஊட்டினாள், அதை நான் பார்த்தேன்.

இருமல் வரவில்லை. வாயைத் திறந்தாள், காற்றும் வரவில்லை. முதுகில் தட்டி, குனியவைத்து, வடையை எடுத்தோம். அதன் பிறகும் மூச்சு மேலேயே நின்றது. நான் அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "சொல்லு தையல்" என்றேன்.

"மயிலாடுதுறை" என்றாள். அவ்வளவுதான்.

ஆம்புலன்ஸில் நான் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். குத்தாலம், ஆடுதுறை, திருவிடைமருதூர். அவளால் சொல்ல முடியாத ஊர்கள் எல்லாம் ஒவ்வொன்றாக ஜன்னலில் வந்து போயின.

செப்டம்பர் 15, திங்கள்

தொண்டையில் குழாய். மூச்சு இயந்திரத்தினுடையது. டாக்டர் இளஞ்சேரன் வெளியே வந்து, நுரையீரலில் உணவு இறங்கியிருப்பதாகவும், நோயும் முற்றிய கட்டத்துக்குப் போய்விட்டதாகவும், ரத்தத்திலிருந்து அந்த அடைக்கும் பொருளை வடிகட்டி எடுக்கப்போவதாகவும் சொன்னார். கடைசியாக, "சாப்பாடு லேட் ஆயிடுச்சா?" என்று கேட்டார்.

"விசேஷம் சார்" என்றேன்.

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. பூங்கோதையும் கேட்கவில்லை. குறுக்கு விசாரணை இல்லாமல் ஒரு சாட்சி இறங்குவதை நான் கண்டதில்லை. சாட்சிக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பதும் இதுவரை தெரியாது.

செப்டம்பர் 19, வெள்ளி

நினைவு தெளிவாக இருக்கிறது. கண்ணைத் திறக்கத் தெம்பில்லை. அதனால் சிஸ்டர் லூர்து இமைகளை விரலால் தூக்கிக் காட்டினாள். உள்ளே அவள் இருந்தாள். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு, பஞ்சு வைத்து மூடினார்கள். இரண்டு மணிக்கொருமுறை உடம்பைப் புரட்டிப் போடுகிறார்கள். குழாயில் சளி உறிஞ்சுகிறார்கள். சிஸ்டர் ஒவ்வொன்றையும் அவளிடம் சொல்லிவிட்டே செய்கிறாள்: "அம்மா, இப்ப திருப்பப் போறேன். அம்மா, கொஞ்சம் இருமல் வரும்." கண் மூடியிருப்பவர்களிடம்தான் அதிகம் பேச வேண்டுமாம்.

இங்கே அவளுக்கு வேளை தவறாமல் உணவு. மூக்கில் விட்ட குழாய் வழியாகக் கஞ்சி போகிறது. அந்தக் குழாய் யார் சாப்பிட்டார்கள் என்று கேட்பதில்லை.

அவள் கேட்கிறாள். கஞ்சி எடுத்து வரும் சத்தம் கேட்டதும் வலது கை விரல்கள் லேசாகக் குவிந்து படுக்கையிலிருந்து கொஞ்சம் மேலே வரும். வாய் வரை வரத் தெம்பில்லை. பூங்கோதைக்கு அது என்னவென்று தெரியவில்லை, வலிக்கிறதோ என்று பயந்தாள். எனக்குத் தெரிந்தது.

"சாப்பிட்டுட்டேன் தையல்" என்றேன்.

விரல்கள் இறங்கின.

செப்டம்பர் 21, ஞாயிறு

சாப்பிட்டுட்டேன் என்று மூன்று வேளையும் சொன்னேன். மூன்றும் பொய்ச் சாட்சியம்.

செப்டம்பர் 23, செவ்வாய்

காய்ச்சல் இறங்கவில்லை. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்கிறார்கள். அவள் காதருகே நான் ஸ்டேஷன்களைச் சொன்னேன். எனக்கு நடுவில் தாராசுரம் விட்டுப்போயிற்று. அவள் விரல் அசைந்தது. திரும்பக் கும்பகோணம் போய், தாராசுரம் சொல்லி, தஞ்சாவூர் வரை கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

நேற்றிரவு கஞ்சி எடுத்து வந்தபோது விரல்கள் எழவில்லை. விடியும்போது போய்விட்டாள்.

அக்டோபர் 1, புதன்

துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: "பூவும் பொட்டுமா போய்ட்டா, மகராசி." சடங்கு பலித்துவிட்டது என்றும் ஒருவர் சொன்னார். என் ஆயுளுக்காகச் செய்தது, நான் இருக்கிறேன். கணக்கில் தவறில்லை.

அக்கா மூலையில் உட்கார்ந்து அழுகிறாள். "ஒரு வாய் வடைடா கலியா" என்கிறாள். இதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"வடை இல்லக்கா" என்றேன்.

அக்டோபர் 11, சனி

பதினாறாம் நாள். நடுக்கூடத்தில் அவள் படத்துக்கு முன் தலைவாழை இலை போட்டார்கள். அவளுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்திருந்தது. படைக்கப் போகும்போது சாதத்தைப் பார்த்தேன். உதிரி உதிரியாக இருந்தது. குழைக்கச் சொன்னேன்.

"செத்தவளுக்கு எதுக்குடா குழைக்கணும்?" என்றாள் அக்கா.

நானே உட்கார்ந்து பருப்பு விட்டுக் குழைத்து வைத்தேன். வடையை எடுத்துவிட்டேன்.

எங்கள் வழக்கப்படி, படையல் வைத்து தீபாராதனை காட்டியதும் எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். போனவள் வந்து தனியாகச் சாப்பிட்டு முடிக்கும்வரை வேறு யாரும் வாயில் எதையும் வைக்கக் கூடாது. பூங்கோதை, மாப்பிள்ளை, சம்பந்தி, அவர் வீட்டார், என் சகாக்கள், சமையல்காரர் உட்பட எல்லோரும் வெயிலில் வாசலில் நின்றோம். எல்லோருக்கும் நல்ல பசி.

அப்போது என் சட்டைப் பையில் சேவல் கூவியது. இரண்டாம் மணி. யாரும் சிரிக்கவில்லை. நான் நிறுத்தவும் இல்லை. தானாகக் கூவி ஓய்ந்தது.

வழக்கமாக இரண்டு நிமிடம் நிற்பார்கள். அதற்கு மேலும் ஆயிற்று. சம்பந்தி கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா என் தோளைத் தொட்டாள்.

"போதும்டா கலியா. கதவத் தெற. எல்லாரும் பசியோட நிக்கறாங்க."

"இருக்கா" என்றேன். "அவ மெதுவாத்தான் முழுங்குவா."